கட்டு மாற்றியவள்

ஜூன் 3, திங்கள்

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக அம்மாவின் பீடித் தட்டுக்கு அடியில் கிடந்து புகையிலை வாடை ஏறிவிட்டது. இன்று எடுத்துத் துடைத்து எழுத ஆரம்பிக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

நர்சிங் படிப்பு முடித்து தேர்ச்சியும் ஆயிற்று. ஆனால் சென்னையில் இருக்கும் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ் என்று பெயர். அதுவரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பவள், அவ்வளவுதான். தென்காசியில் ஒரு மருத்துவமனை என்னைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறது. செப்டம்பர் பாதிக்குள் பதிவு எண்ணைக் கொண்டுவராவிட்டால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

விண்ணப்பம் போட சுரண்டை இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். 'குற்ற வழக்கு எதிலும் தண்டனை பெற்றதுண்டா' என்று ஒரு கேள்வி வந்தது. என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

"அண்ணே, அதுல ஆமான்னு போடுங்க."

"எதுல?"

"கேஸ் பத்திக் கேட்டிருக்குல்லா, அதுல."

திரும்பி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஏம்மா, வெளையாடுதியா? எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாவ. ஆமான்னு போட்டா அங்கனயே நின்னுரும்."

"நிக்கட்டும். போடுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சீக்கிரமே எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். பொய்யைத் தட்டிவிட்டு, பிறகு போலீஸ் சான்றிதழில் அகப்பட்டு முழிப்பதைவிட இது மேல்.

ஜூன் 4, செவ்வாய்

ஆமாம் என்றால் விவரம் எழுதி இணைக்க வேண்டுமாம். எழுதினேன். அதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

'ஐந்து ஆண்டுகளுக்கு முன், எனது பத்தொன்பதாவது வயதில், சந்தை ரோட்டில் நான் ஸ்கூட்டி ஓட்டிச் சென்றபோது, சைக்கிளில் ஐஸ் விற்று வந்த திரு. அந்தோணி என்பவர் மீது மோதியதில் அவருக்குக் காலில் காயம் ஏற்பட்டது. பின்னால் என் தம்பி அமர்ந்திருந்தார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினேன். வேறு வழக்கு எதுவும் இல்லை.'

ஸ்டேஷனில் எழுதியதும் இதுதான், கோர்ட்டில் சொன்னதும் இதுதான். திரும்பப் படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

சின்ன வழக்கென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எதிர்த்துப் பேசினால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நாங்களும் சோற்றுக்கு வந்துவிட்டோம். ஒப்புக்கொண்டதற்குப் பெயர் தண்டனை என்று அன்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

எதிர்பார்த்தபடியே செய்தி அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள். அம்மா கத்தரியைக் கீழே வைப்பது சாமானியமாக நடக்காது.

"ஏட்டி, ஒன்ன யாரு ஆமான்னு போடச் சொன்னது?"

"கேட்டாவ, சொன்னேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? கேஸ் எம் பேர்லதான இருக்கு."

அம்மா மறுபடியும் கத்தரியை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை சுற்றிய பீடிகளில் பாதி தளர்ந்துபோய், கடைக்காரர் கழித்துப் போட்டுவிட்டார்.

'அவன்' என்றால் என் தம்பி இசக்கிராஜா. போலீஸ். இப்போது பட்டாலியனில் இருக்கிறான். வழக்கு நடந்த சமயத்தில் போலீஸ் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தான். பேரில் ஒரு வழக்கு இருந்தால் போலீஸ் வேலை கிடைக்காது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் வேலைக்கும் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் நர்ஸ் ஆவேன் என்று எனக்கே அப்போது தெரியாதே.

ஜூன் 9, ஞாயிறு

சாரல். யூனிபார்ம் காயவில்லை. இஸ்திரிப்பெட்டி வைத்தே காயவைத்தேன்.

ஜூன் 19, புதன்

மருத்துவமனையில் எனக்கு அனுமதிக்கப்பட்ட வேலைகள்: காய்ச்சல் பார்ப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்குவது. ஊசியைத் தொடக்கூடாது. என்னோடு படித்த ஜெபசெல்விக்குப் பதிவு எண் வந்துவிட்டது. இன்று அவள் ட்ரிப்ஸ் போட, நான் கை பிடித்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது. அவள் நல்லவள், அதனால் இன்னும் அதிகமாக எரிந்தது.

எங்கள் கண்காணிப்பாளர் கிரேஸ் மேடம் கூப்பிட்டு, "முதல் பஸ்ஸு ஷிப்டுக்கு லேட்டாத்தான் வருது. எண்ணு வந்ததும் ஒனக்கு காலை டூட்டிதான். ஒரு ஸ்கூட்டி வாங்கிப் போட்டுரு" என்றார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது மேடம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏன் கடித்துக்கொண்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 5, வெள்ளி

கவுன்சிலிலிருந்து பதில். நிராகரிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. ஆகஸ்ட் 13 அன்று நேரில் வந்து குழுவின் முன் விளக்கம் தர வேண்டும். தீர்ப்பின் நகல், காவல்துறைச் சான்று, முடிந்தால் பாதிக்கப்பட்டவரிடமிருந்து ஒரு கடிதம்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டாவது கேட்கிறார்களே என்று ஒரு மனம், கூப்பிட்டு வைத்துக் கேட்பார்களே என்று இன்னொரு மனம். பிறகு எழுந்து போய் ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கோர்ட்டில் நகல் வாங்கியாயிற்று. ஒரே ஒரு பக்கம். 'எதிரி குற்றத்தைத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்' என்று இருக்கிறது. எதிரி என்பது நான்.

தானாக முன்வந்து என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று காலை அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் வளர்ந்த பிறகு அவள் தலை வாரிவிட்டது அந்த ஒருநாள்தான். "பொட்டப்புள்ளைக்கு என்னட்டி, ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்தா இனிசியலே மாறிப்போவும். எவன் வந்து தேடப்போறான்" என்று சொல்லிக்கொண்டே வாரினாள். சடையை இறுக்கிப் பின்னியதில் கோர்ட் முழுக்கத் தலை வலித்தது.

ஜூலை 21, ஞாயிறு

அந்தோணி அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். இப்போது ஐஸ் வண்டி இல்லை. பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிக் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறார். நடையில் லேசாக ஒரு சாய்வு உண்டு, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது அவருக்கு எலும்பு முறியவில்லை. ஆனால் சதை கிழிந்து, சர்க்கரை வேறு இருந்ததால் புண் ஆறாமல் இழுத்தடித்தது. தினமும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக அவரால் முடியவில்லை. அங்கே இருந்த நர்சம்மாவிடம் கேட்டு நான் கட்டு மாற்றப் பழகிக்கொண்டேன். தினமும் அவர் வீட்டுக்குப் போய் மாற்றிவிட்டு வருவேன். முதல் வாரம் அவர் மனைவி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். புண்ணின் ஓரம் முதன்முதலாகச் சிவப்பாகத் தளிர்த்த அன்று, கையில் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தார். அன்றுதான் இந்தப் படிப்பைப் படிப்பது என்று முடிவு செய்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதலாம்.

கடிதம் வேண்டும் என்றேன். அண்ணாச்சி ஒரு பன்னீர் சோடாவை உடைத்து என் முன் வைத்தார். பிறகு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் சொன்னதாக ஆகாது.

"நான் என்ன கண்ண மூடிக்கிட்டா ஐஸ் வித்தேன்? எம் மூஞ்சிக்கு நேரா வந்தது ஒந் தம்பி மூஞ்சி. நீ பின்னால ஒக்காந்து அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்த."

நான் சோடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரியில ஒங்க அம்மா எங் கால்மாட்டுல ஒக்காந்து அழுதா. ஒண்ணும் கேக்கல, சும்மா அழுதா. எதுக்குன்னு அப்ப வெளங்கல. அவன் காக்கி போட்டுக்கிட்டு வந்து நின்னப்பத்தான் வெளங்கிச்சு."

"கடுதாசி தருவீயளா, மாட்டீயளா அண்ணாச்சி?"

"பொய் எழுத மாட்டேன். வண்டி ஓட்டுனது யாருன்னு எழுத மாட்டேன். கட்டு மாத்துனது யாருன்னு எழுதுதேன். போதுமா?"

போதும் என்றேன். சோடாவைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தம்பி விடுப்பில் வந்தான். குற்றாலத்தில் முழுகிவிட்டு வந்து, இலையில் உட்கார்ந்தான். அவியலை எடுத்து வாயில் வைக்கும்போது, "எக்கா, ஒன்ன சென்னைக்குக் கூப்பிட்டிருக்காவளாமே" என்றான். காவல்துறைச் சான்றுக்கு விசாரித்தார்கள் அல்லவா, அவனோடு பயிற்சியில் இருந்தவன் ஒருத்தன் சொல்லியிருக்கிறான்.

அம்மா அப்பளத்தை எடுக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஆமா."

"நான் வந்து சொல்லிருதேன்."

"என்னத்தச் சொல்லுவ?"

அவன் வாயில் வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அமாவாசையும் அதுவுமாகச் சத்தம் போட்டுவிட்டேன்.

"ஒனக்கு வேலை போவும். கோர்ட்ல பொய் சொன்னேன்னு எம் மேல புதுசா ஒரு கேஸ் வரும். பொறவு மூணு பேரும் ஒரே தட்டுல ஒக்காந்து பீடி சுத்துவோம். போயிச் சொல்லு, போ."

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். வாசலில் அவனுடைய பைக்கைக் கழுவ ஆரம்பித்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த வண்டி அது. சாயங்காலம் வரை கழுவினான்.

எனக்குக் கோபம் வேலைக்காக இல்லை. ஐந்து வருடமாகத் தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருகிறான், நர்சிங் பீஸ் பாதி அவன் கட்டினான், போனில் தினமும் 'சாப்பிட்டியா' என்று கேட்கிறான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னதில்லை. எனக்கு அவன் வேலை வேண்டாம், சேலை வேண்டாம், அந்த வார்த்தைதான் வேண்டும். இன்று அதன் ஓரம் வரை வந்தான். கொஞ்சம் வயிறு குளிர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பொதிகை எக்ஸ்பிரஸ். தம்பி விடுப்பை நீட்டித்துக்கொண்டு கூட வருகிறான். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றை இருவரும் சாப்பிட்டோம். ஊறுகாய் அவன் பங்கையும் எனக்கே வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணிதான் தலைவர். நரைத்த தலை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதட்டாத குரல். தம்பி வெளியே வராந்தாவில் நின்றான். கதவு முழுதாகச் சாத்தாததால் அவன் சட்டை தெரிந்துகொண்டே இருந்தது.

தீர்ப்பைப் படித்தார்கள். ஒருத்தர், "அபராதம்தான். சின்ன விஷயம்" என்றார். தலைவர் அண்ணாச்சியின் கடிதத்தை எடுத்தார். அதில் நான்கே வரி. தினமும் இந்தப் பிள்ளைதான் எனக்குக் கட்டு மாற்றியது, இது கை பட்டுத்தான் கால் ஆறியது, இதற்கு நர்ஸ் வேலை கொடுங்கள், அந்தோணி.

"இப்ப வண்டி ஓட்டுறீங்களாம்மா?"

"இல்ல மேடம்."

"அதுக்கப்புறம் பயந்துட்டீங்களா?"

"இல்ல மேடம். எனக்கு ஓட்டத் தெரியாது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தீர்ப்பைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கதவிடுக்கைப் பார்த்தார்.

"வெளியில நிக்கிறது யாரு?"

"என் தம்பி."

"என்ன பண்றார்?"

"போலீஸ் மேடம்."

எல்லாம் போயிற்று, எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை என்றுதான் நினைத்தேன். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் மெதுவாகச் சொன்னார்.

"கோர்ட் என்ன சொல்லிருக்கோ அதுதான் எங்களுக்கு. அதைத் திருப்பி விசாரிக்கிறது எங்க வேலை இல்ல. நான் வேற ஒண்ணு கேக்கறேன். வார்டுல யாரோ தப்பான மருந்தைப் போட்டுடறாங்க. உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க. குழந்தை குட்டிக்காரங்க, வேலை போயிடும்னு அழறாங்க. நான் போட்டேன்னு சொல்லிடுன்னு உங்களைக் கேக்கறாங்க. சொல்வீங்களா?"

என்னை நல்லவளா கெட்டவளா என்று கேட்பார்கள் என்று எண்ணித்தான் தயாராகப் போயிருந்தேன். என் நல்லதனத்தையே எடுத்து மேசையில் வைத்து, இதை நம்பி ஒரு நோயாளியை உன்னிடம் விடலாமா என்று கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

"மாட்டேன் மேடம்."

"ஏன்?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "நான் ஏத்துக்கிட்டா அழுதவங்க தப்பிச்சிருவாங்க. ஆனா என்ன மருந்து, எப்பப் போட்டதுன்னு டாக்டர் என்கிட்ட கேப்பாங்க. எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லணும். படுத்திருக்கவங்க உசிரு அதுல போயிரும். அபராதம்னா நான் கட்டிருவேன் மேடம். அத யாரு கட்டுவா?"

கடைசி இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. தலைவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, போங்க. தகவல் வரும்."

வெளியே வந்தேன். தம்பி சுவரோடு ஒட்டி நின்றான். கண் சிவந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறான். ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். அதில் ஒரு தண்ணீர் பாட்டிலும் காலி டிபன் பாக்ஸும்தான் இருந்தன.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தகவல் இல்லை. அம்மா முப்பிடாதி அம்மன் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாளாம். அந்த அம்மன் பேரைத்தான் எனக்கு வைத்திருக்கிறது. பேரைக் கொடுத்த கடனுக்காவது அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

இல்லை.

செப்டம்பர் 4, புதன்

வந்துவிட்டது.

பெண்கள் வார்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது கவுன்சிலிலிருந்து போனில் செய்தி வந்தது. திறந்து பார்க்கப் பயந்து ஜெபசெல்வியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். ஜூனில் அவளைப் பார்த்து வயிறெரிந்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கிரேஸ் மேடம், "திங்கக்கெழம காலை ஷிப்டு. லேட்டா வந்தா வெளியிலயே நிப்ப" என்றார். அதுதான் அவர் வாழ்த்து.

இ-சேவை மையத்தில் சான்றிதழை அச்செடுத்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றாள், இங்கிலீஷ்.

"பேரு என்னன்னு போட்டிருக்கு?"

"ஆ. முப்பிடாதி."

ஆ என்றால் ஆறுமுகம், அப்பா.

"கெட்டிக்குடுத்தா இது மாறிருமாட்டி?"

"மாறாது."

அம்மா அந்தப் பேரின் மேல் விரலை வைத்துத் தடவினாள். "மாறாண்டாம்" என்றாள். "நான்தான் வெவரம் கெட்டதனமாச் சொல்லிட்டேன், அன்னைக்கு." பிறகு என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். இந்தத் தடவை இறுக்கவில்லை. நான் அழுதேன். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், பின்னால் இருந்ததால் பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

தம்பி ஒருநாள் விடுப்பில் வந்தான், யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கூட்டியோடு. "எக்கா, வா, கிரவுண்டுக்குப் போவோம்" என்றான்.

பள்ளிக்கூட மைதானத்தில் என்னை ஏற்றி உட்காரவைத்தான். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். போலீஸ் ஓட்டம், மூச்சே வாங்கவில்லை. இரண்டு தடவை விழப்பார்த்தேன். அவனைத் திட்டினேன். மூன்றாவது சுற்றில் அவன் பிடியை விட்டுவிட்டான் போலிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வண்டி தானாக அந்தோணி அண்ணாச்சி கடைப்பக்கம் போனது. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் இரண்டு காலையும் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டார்.

பிரேக் பிடித்தேன். நின்றது.

தம்பி ஓடிவந்து சேர்ந்தான். அண்ணாச்சி முன்னால் நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், மேலதிகாரி முன் நிற்பதைப்போல.

"அண்ணாச்சி, அன்னைக்கு வண்டி ஓட்டுனது நான்தான். எங்கக்கா இல்ல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொன்னான், எனக்காக. "நான்தாங்க்கா ஓட்டுனேன்."

"தெரியும்ல" என்றார் அண்ணாச்சி. மடக்கிய காலை இறக்கி வைத்தார். "சோடா குடிக்கியளா?"

மூன்று பேரும் குடித்தோம். இந்தத் தடவை நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ஆகையால் இதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து வருடம் முன்பு ஓட்டியது தம்பி. இன்று ஓட்டியது நான்.

நாளை காலை ஷிப்ட். லைசென்ஸ் வரும்வரை லேட்டாக வரும் அந்த முதல் பஸ்ஸில்தான் போக வேண்டும், கிரேஸ் மேடம் வெளியில் நிறுத்தினாலும் சரி.